விளையாட்டு அறையின் அருளப்பன் சார்

செய்தி காலையில் ஊசி போடும் நேரத்தில் வந்தது. குழந்தைகள் வார்டில் ஊசிகளைக் கொதிநீரிலிருந்து எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அருளப்பன் சார் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அஸ்தம்பட்டியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "சிஸ்டர், சார் கதவைத் திறக்கலைங்க. தட்டித் தட்டிப் பாத்துட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தோம். படுத்த மேனிக்கே இருக்காருங்க" என்றார். தட்டிலிருந்த ஊசிகளை எல்லாம் போட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பிள்ளைகளுக்கு மருந்து நேரம் தவறக் கூடாது என்பது ஒரு காரணம். நான் போய்ப் பார்க்கும் வரைக்கும் அது நடக்காததாகவே இருக்கும் என்று நினைத்தது இன்னொரு காரணம்.

அவரை அறிந்தவர்கள் இந்தச் சேலத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசையில் கடைசித் தூணை ஒட்டி நிற்கும் ஒல்லியான மனிதராகச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகச் சிலர் பார்த்திருப்பீர்கள். அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் என்னதான் வேலை பார்த்தார் என்று உங்களில் பலருக்குக் கடைசி வரை விளங்கியதில்லை. "பொம்மை வெச்சு வெளையாடறதுக்கு ஒரு சம்பளமா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். எங்கள் பெரிய டாக்டர் சென்னைக்குப் போயிருந்தபோது, மனசு உடைந்த பிள்ளைகளை விளையாட விட்டே தேற்றும் ஒரு முறையை அங்கே பார்த்துவிட்டு வந்தார். அருளப்பன் சார் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் அதற்குத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசி முடிவு செய்ததில் பறிபோனது என்னுடைய துணி அறை. போர்வை, படுக்கை விரிப்பு எல்லாம் நடையில் ஒரு பீரோவுக்குள் திணிக்கப்பட்டன. அந்த அறைக்குள் தச்சன் செய்த பெரிய மரத் தொட்டி ஒன்று வந்தது. அதில் காவிரி மணலைக் கொட்டினார்கள். மரச் சொப்பு, தகர லாரி, களிமண், சார் தானே உட்கார்ந்து தைத்த துணிப் பொம்மைகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வார்டு முழுக்க மணல் மிதிபட்டது. 'மண்ணு ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்ததே நான்தான். அவர் காதுபடவே சொன்னேன். "மண்ணுல கிருமி இருந்தா அதுக்கும் ஒரு ஊசி போட்டுருங்க சிஸ்டர்" என்றார். அவரிடம் சண்டை போடுவது கஷ்டம். எதிர்ப்பக்கம் ஆளே இருக்காது.

"நல்ல உத்தியோகத்தை விட்டுட்டு ஏன் சார் இதுக்கு வந்தீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். "டிராயிங் கிளாஸ்ல நான் மாம்பழம் போடச் சொன்னா நாப்பது மாம்பழம் வரும் சிஸ்டர். நான் ஒண்ணும் சொல்லாட்டி இவங்க என்ன போடுவாங்கன்னு பாக்கணும்னு ஆசை வந்துருச்சு" என்றார்.

அந்த ஆசையிலிருந்துதான் அவருடைய வேலைமுறையும் வந்தது. அறைக்குள் வரும் பிள்ளையிடம் எதையும் கேட்க மாட்டார். இது என்ன, அது யார், ஏன் அழுகிறாய் என்ற கேள்விகளுக்கே அங்கே இடமில்லை. தரையில் சம்மணமிட்டு, முகத்தை லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளை தானாக அவரை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டால், "நான் என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்பார். குதிரையாக இரு என்றால் குதிரை. செத்துப்போ என்றால் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார். மணலில் ஒரு பிள்ளை கட்டியதை அந்தப் பிள்ளையே கலைக்கும் வரை வேறு யாரும் தொடக் கூடாது என்று பெருக்குகிற பொன்னம்மாவுக்குக் கண்டிப்பான உத்தரவு. எனக்கு ஒரு முறை இப்படி விளக்கினார்: "வயித்து வலின்னா புள்ளை வயித்தைப் புடிச்சுக் காட்டும். மனசு வலிச்சா எதைப் புடிச்சுக் காட்டும்? அதுக்குத்தாங்க இந்தச் சாமானெல்லாம்."

இதை நான் நம்ப ஆரம்பித்தது ஒரு அடி வாங்கிய பிறகு. தீக்காயத்தோடு வந்த ஒரு பையன், என் தலையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். ஒரு நாள் மத்தியானம் அருளப்பன் சார் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், கொஞ்சம் வந்து நோயாளியா இருங்க. டாக்டர் காத்துட்டிருக்கார்" என்றார். டாக்டர் அந்தப் பையன்தான். கையில் ஊசிக்குப் பதில் ஒரு பென்சில். "குப்புறப் படு!" என்று அதட்டினான். எந்தக் குரலில் நான் அவனை அதட்டுவேனோ அதே குரல். பென்சிலால் குத்திய குத்தில் நிஜமாகவே கத்திவிட்டேன். "அழக் கூடாது. ஒண்ணும் ஆவாது. நல்ல புள்ளைல்ல?" என்றான். அதுவும் என் வசனம்தான். அன்றைக்கு மட்டும் எனக்கு எத்தனை ஊசி போட்டான் என்று கணக்கே இல்லை. மறுநாள் நான் தட்டோடு போனபோது அழுதுகொண்டே கையை நீட்டினான். ஆனால் ஒளியவில்லை. அருளப்பன் சார் என்னைப் பார்த்து, "இடுப்பு வலி தேவலையா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது சரசுதான். ராசிபுரத்து நெசவாளி முத்துசாமியின் மகள். ஆறு வயது இருக்கும். பேசுவதை நிறுத்திவிட்டாள். பிறகு சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தம், மலம், நெஞ்சு எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தாயிற்று. டாக்டருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பால், கஞ்சி எதைக் கொடுத்தாலும் வாயை இறுக்கிக்கொள்வாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தோம். அப்படியே எத்தனை நாள் ஓட்ட முடியும்? பெரிய டாக்டர் முத்துசாமியிடம் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

அவளுடைய அம்மா பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள், பிறந்த பிள்ளையும் தங்கவில்லை. அதைக் குழந்தைக்குச் சொல்லாமல் இருக்க மொத்தத் தெருவும் சேர்ந்து உழைத்தது. பிணத்தை எடுத்துப் புதைத்து முடியும் வரை அவளைப் பக்கத்து வீதியில் ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவளிடம், அம்மா பள்ளிபாளையத்தில் அவளைப் பெற்ற அம்முச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள், தம்பிப் பாப்பாவோடு வருவாள் என்றார்கள். அவள் எதிரில் யாரும் அழக் கூடாது என்று கட்டுப்பாடு. கொண்டவனே அழவில்லை. அதோடு விட்டார்களா? முத்துசாமி வாரச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் மிட்டாயும் பொரிகடலையும் ஒரு பொட்டலம் கட்டி எடுத்து வந்து, "அம்மா குடுத்து உட்டா சாமி" என்று அவள் கையில் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் பொட்டலத்தோடுதான் வருவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சொல்லத் தெரியாத ஒரு மனிதன் கண்டுபிடித்த வழி அது. சரசு பொட்டலத்தை வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். பிரிக்க மாட்டாள். எறும்பு மொய்த்த பிறகு நான்தான் எடுத்துப் போடுவேன்.

அருளப்பன் சார் அவளைத் தினமும் தூக்கிக்கொண்டு போய் மணல் தொட்டி ஓரத்தில் உட்கார வைப்பார். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு வார்த்தை பேச்சுக் குடுத்துத்தான் பாருங்களேன் சார். புள்ளை கையை விட்டுப் போயிட்டிருக்கு" என்று கத்தினேன். "எல்லாரும் அவகிட்டப் பேசிப் பேசித்தானே சிஸ்டர் இங்க வந்திருக்கா" என்றார். முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் பயம் இருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் அவள் கை மணலுக்குள் போனது. துணிப் பொம்மை ஒன்றை எடுத்து, குழி பறித்து, படுக்க வைத்து மூடினாள். சேலை கட்டிய பொம்மை. அடுத்த நாள் வேட்டி கட்டிய பொம்மையும் வந்தது. வேட்டிப் பொம்மை மணல் மேட்டுக்கு நடந்து போகும். அங்கிருந்து ஒரு சொப்பை எடுத்து வரும். ஓரமாகச் சின்னப் பொம்மை ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் முன்னால் சொப்பை வைத்துவிட்டுத் திரும்பிப் போகும். மறுபடி மேடு, மறுபடி சொப்பு. சின்னப் பொம்மை எதையும் தின்பதில்லை. இதையே வாயைத் திறக்காமல் நாள் தவறாமல் செய்தாள். அருளப்பன் சார் நடைக்கு என்னைத் தேடி வந்தார். "அவளுக்கு எல்லாம் தெரியும் சிஸ்டர், யார் வாயிலருந்தோ காதுல விழுந்திருக்கு. அம்மா மண்ணுக்குள்ள இருக்கான்னு தெரியும். அப்பா மண்ணுக்குள்ள இருந்து தீனி கொண்டாந்து தர்றார்னு நெனச்சுட்டிருக்கா. எப்படித் திம்பா?" என்றார்.

அந்த வாரம் பார்வையாளர் நாளில் முத்துசாமியோடு அவருடைய அக்காவும் வந்திருந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தவர் மணல் மேட்டையும் பொம்மையையும் கண்டதும் வயிற்றில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, புள்ளைக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா, பொணம் பொதைக்கற வெளையாட்டுச் சொல்லித் தாரீங்களா? ஊடு வெளங்குமா? தம்பி, புள்ளையத் தூக்கு. செத்தாலும் நம்மூட்டுல சாகட்டும்!" முத்துசாமியும் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்க சார், ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிர்றனுங்க" என்று மகளைத் தூக்க வந்தார். எனக்கு நாக்கு நீளம். "தூக்கிட்டுப் போங்க, ராசிபுரம் போய்ச் சேர்றதுக்குள்ள என்ன ஆவுதுன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் ஒப்பாரியே வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அருளப்பன் சார் எழுந்திருக்கவே இல்லை. இருந்த இடத்திலிருந்தே முத்துசாமியை நிமிர்ந்து பார்த்தார். "கூட்டிட்டுப் போங்க, நான் தடுக்கல. போறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் என் எடத்துல உக்காருங்க. பாப்பா என்ன சொல்றாளோ அதைச் செய்யுங்க. போதும்" என்றார். முத்துசாமி தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். தறியில் உட்கார்ந்து பழகிய ஆள், காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார். சார் நகர்ந்து சுவரோரம் போய்விட்டார். சரசு அப்பாவைப் பார்த்தாள். வேட்டிப் பொம்மையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். முத்துசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் தலையசைத்தார். "நான் என்ன சாமி செய்யோணும்?" என்று முத்துசாமி மகளிடம் கேட்டார்.

அவள் மணல் மேட்டைக் காட்டினாள். எத்தனையோ நாளாகப் பேசாத தொண்டை. கரகரவென்றுதான் வந்தது.

"அப்பா அளுவோணும்" என்றாள்.

முத்துசாமி பொம்மையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மணல் மேட்டைப் பார்த்தார். அப்புறம் அந்த மனிதர் அழுத அழுகையை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையை மணலில் முட்டி, பெண்டாட்டியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சரசு எழுந்து போய் அப்பாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள். அவளும் அழுதாள். பொட்டலம் மணலில் கிடந்தது. "இது ஆரு வாங்குனது?" என்று கேட்டாள். "அப்பன்தான் சாமி வாங்கினேன். சந்தையில அப்பன்தான் வாங்கினேன்" என்றார் அவர். அவள் அதைப் பிரித்து ஒரு பொரிகடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் பால் எடுத்து வர ஓடினேன். நடையில் கொஞ்ச நேரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் போக முடிந்தது.

சரசு தேறி வீட்டுக்குப் போன நாளில் ஆஸ்பத்திரியே வாசலில் நின்றது. அருளப்பன் சார் மட்டும் வரவில்லை. எந்தப் பிள்ளை போகும்போதும் அவர் வாசலுக்கு வர மாட்டார். கையில் ஒரு பொம்மைகூடக் கொடுத்து அனுப்ப மாட்டார். நான் இதைப் பற்றி அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். "உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா சார்?" "நம்மள அதுங்க மறந்துடணும் சிஸ்டர். மறந்தாத்தான் முழுசாத் தேறிச்சுன்னு அர்த்தம். சாமானைக் குடுத்தா என் ஞாபகம் கூடவே போகும், இந்த எடத்து ஞாபகமும் போகும்" என்பார். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அன்றைக்கெல்லாம் உள்ளேயிருந்து சத்தமே வராது.

வருடங்கள் கழித்து, ராசிபுரம் பக்கம் ஒரு கலியாணத்துக்கு நாங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள் கொஞ்சம் பேர் போயிருந்தோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் சரசுவைப் பார்த்தேன். பாவாடை தாவணி போட்ட பெண்ணாக வளர்ந்திருந்தாள். தோழிகளோடு எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நரைத்த தலையோடு முத்துசாமி. என்னால் இருக்க முடியவில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன். சார் என் பையின் காதைப் பிடித்து இழுத்தார். "வேண்டாம் சிஸ்டர், விடுங்க." அதற்குள் அவள் பார்வை எங்கள் பக்கம் வந்தது. அவர் முகத்தில் ஒரு நொடி பட்டு, அப்படியே தாண்டி, பின்னால் வந்த பஸ்ஸின் பலகையைப் படித்தது. அவளுக்கு அவர் யாரோ ஒருவர்.

சேலம் பஸ்ஸில் அவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஆண்டகளூர் கேட் தாண்டியதும் நான் முன்னால் குனிந்து, "சந்தோஷம்தானே சார், நீங்க சொன்ன மாதிரியே மறந்துட்டா" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன். "சந்தோஷந்தாங்க" என்றார். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர் சற்றுக் கழித்து, "வருத்தமும் இருக்கத்தாங்க செய்யுது சிஸ்டர். இல்லாம எப்படி இருக்கும்?" என்றார். பிறகு மல்லூரில் ஏறிய கூட்டத்தில் ஒரு கைக்குழந்தைக்காரிக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

அவர் தனி ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் கலியாணம் செய்துகொள்ளவில்லை என்று அவர் சொன்னதில்லை. என்னை யாராவது அந்தக் கேள்வி கேட்டபோது நானும் சொன்னதில்லை. மெஸ்ஸில் சாப்பாடு, அஸ்தம்பட்டியில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே வார்டுக்குத்தான் வருவார். "லீவு நாள்லகூட வீட்ல இருக்க மாட்டீங்களா?" என்றால், "அங்க சத்தமே இல்லைங்க சிஸ்டர்" என்பார். என் அம்மா காலமான பிறகு என் அறையிலும் சத்தம் கிடையாது. இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்து அறையில் வேலை பார்த்தோம். கடைசி வரை வாங்க, போங்கதான்.

அடக்கத்தன்று வந்தவர்கள் கொஞ்சம் பேர். ஆஸ்பத்திரிக்காரர்கள், மெஸ்காரர், வீட்டுக்காரர், ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு தூரத்துச் சொந்தம். அவர் தேற்றி அனுப்பிய பிள்ளைகளில் ஒருவரும் இல்லை. அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் யாரென்று கேட்டிருப்பார்கள். கல்லறைத் தோட்டத்தில் பங்குச் சாமியார், "நீங்க இவருக்கு என்ன உறவு?" என்று என்னைக் கேட்டார். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்தேன் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஓர் உறவுப் பெயர் இல்லை. அழுகையும் வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் நின்று அழ எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. நேரே வார்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அங்கே மேற்பார்வை பார்க்கும் அம்மாள் வாசலிலேயே என்னை நிறுத்தினார். "புள்ளைங்க சாரைக் கேட்டுட்டே இருக்காங்க. ஊருக்குப் போயிருக்கார், வந்துருவார்னு சொல்லி வெச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் உள்ளே போனேன். எல்லாக் கட்டிலிலிருந்தும் முகங்கள் என்னைப் பார்த்தன. போலியோ வந்து காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த மல்லிகா, "சார் எந்த ஊருக்குங்க சிஸ்டர் போயிருக்கார்?" என்று கேட்டாள்.

"சார் செத்துப்போயிட்டார் சாமி. இப்பத்தான் மண்ணுல வெச்சுட்டு வர்றேன். இனி வர மாட்டார்" என்றேன்.

மல்லிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாங்க அழுவலாங்களா?" என்று கேட்டாள்.

"அழலாம்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உடைந்துவிட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து வாய்விட்டு அழுதேன். என்ன உறவு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இது நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மல்லிகா வீட்டுக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் சாரைப் பற்றிப் பேசுவது குறைந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் நின்றுவிடும். அவர் இருந்தால் இதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார், வருத்தமும் பட்டிருப்பார். அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், அவரையேதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் தேறிப் போக வேண்டியவர்கள், அவர்கள் மறக்கட்டும். நான் தேறவும் இல்லை, எனக்குப் போக வேறு இடமும் இல்லை. நான் மறக்க வேண்டியதில்லை.